பிள்ளை வாசிக்கத் திணறுதா? வீட்டுலயே முதல்ல இதைச் செஞ்சு பாருங்க

நான் ஒண்ணாங்கிளாஸ் எடுக்குற டீச்சர். என்கிட்ட ஒரு பையன் படிச்சான், புத்தகத்தை எடுத்து வாசின்னா கடகடன்னு வாசிப்பான், நானும் சந்தோஷமா அடுத்த பிள்ளைகிட்ட போயிடுவேன். ஒருநாள் பக்கத்துல உக்காந்து கேக்குறப்பதான் பாத்தேன், வாய் மூணாவது வரில போகுது, விரல் அஞ்சாவது வரில நிக்குது. படத்தைப் பாத்து மொத்தப் பாடத்தையும் மனப்பாடமா சொல்லிட்டு இருந்திருக்கான். படத்தைக் கையால மறைச்சு 'பட்டம்'ங்குற ஒரு வார்த்தையை மட்டும் காட்டினேன், அப்படியே முகம் சுருங்கிடுச்சு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை வருஷம் ஆயிடுச்சு, அந்த அரை வருஷம் அவனுக்குத்தான் நஷ்டம்.

அதனால சொல்றேன், "போகப் போக சரியாயிடும்"னு விடாதீங்க. சில பிள்ளைங்களுக்கு சரியாயிடும்தான், ஆனா அது உங்க பிள்ளையான்னு பாக்காம தெரியாதுல்ல.

முதல்ல காதும் கண்ணும். அடிக்கடி சளி பிடிச்சு காது அடைச்சுக்குற பிள்ளைக்கு சத்தம் தெளிவா விழாது, அப்புறம் ப எது ம எதுன்னு எப்படிப் பிரிக்கும். காது டாக்டர், கண் டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் காட்டிட்டு வாங்க. வீட்டுல வேற மொழி பேசுறீங்களா, ஸ்கூலுக்கு நிறைய லீவு போட்டிருக்கான்னும் சேத்து யோசிங்க.

அஞ்சு வயசுல எழுத்தைத் தொடவே வேண்டாம், சத்தத்தை வச்சு விளையாடுனாலே போதும். மரம், மணி, கல், இதுல முதல் சத்தம் சேராதது எதுன்னு கேளுங்க. தக்காளிக்கு கை தட்டச் சொல்லுங்க, தக்-கா-ளி, மூணு தட்டு. கொஞ்சம் பழகினதும் பலகைல 'பல'வை எடுத்துட்டா மிச்சம் என்னன்னு கேளுங்க, 'கை'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற பிள்ளைக்கு வார்த்தையைப் பிச்சுப் பாக்கத் தெரியுதுன்னு அர்த்தம். நாலஞ்சு நாள் விளையாடியும் பிடிபடலைன்னா ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. பூ, மீன், குடை, பந்து, வீடு, இந்த அஞ்சு படத்தையும் மாத்தி மாத்தி நாலு வரிசை வரைஞ்சு வேகமா பேர் சொல்லச் சொல்லுங்க, தெரிஞ்ச பேருக்கே ஒவ்வொண்ணுக்கும் நின்னு நின்னு தேடுதுன்னா அதையும் குறிச்சுக்கோங்க.

ஆறு ஏழு வயசுன்னா எழுத்துக்கு வரலாம். அ ஆ இ ஈன்னு வரிசையா கேக்காதீங்க, அது பாட்டு மாதிரி வாயில வந்துடும், கலைச்சுப் போட்டுக் கேளுங்க. அப்புறம் 'மிடகு', 'போசலை'ன்னு இல்லாத வார்த்தையா எழுதி வாசிக்கச் சொல்லுங்க, மனப்பாடம் இங்க உதவாது, எழுத்தைக் கூட்டுனாத்தான் வரும்.

அடுத்து சொல்வதை எழுதுதல். கல், மீன், பட்டம், பாட்டி, கொக்கு, இந்த அஞ்சு போதும். எத்தனை தப்புன்னு எண்ணாதீங்க, என்ன மாதிரி தப்புன்னு பாருங்க. நம்ம தமிழ்ல 247 எழுத்து, அதுல கொம்பு இருக்கே, அதுதான் பிள்ளைங்கள ரொம்பப் படுத்தும், 'கொ'ன்னு காதுல ஒரே சத்தமாதான் விழுது, எழுதறப்ப கொம்பு முன்னாடி, க நடுவுல, கால் பின்னாடி. இதுல தடுமாறுறதும், ல ள ழ குழம்புறதும், சில எழுத்தைத் திருப்பி எழுதுறதும் அந்த வயசுல சகஜம். பட்டம்னு சொன்னா 'படம'ன்னு எழுதுறது, புள்ளியே வைக்காதது, சொன்ன சத்தத்துக்கும் எழுதினதுக்கும் சம்பந்தமே இல்லாதது, இதெல்லாம் சொல்லிக் கொடுத்தும் மாசக்கணக்கா தொடர்ந்தா கவனிக்கணும்.

கடைசியா ஒரு கதை சொல்லிட்டு வாயாலயே கேள்வி கேளுங்க. கேட்டா எல்லாம் புரியுது, நல்லா பதில் சொல்லுது, வாசிக்க மட்டும் வரலைன்னா அது முக்கியமான அறிகுறி. அப்பா, அம்மா, மாமா யாருக்காவது சின்ன வயசுல இதே கஷ்டம் இருந்துச்சான்னும் கேட்டுப் பாருங்க, குடும்பத்துல தொடர்ந்து வரக்கூடிய விஷயம் இது.

இதை வச்சு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்க எழுதக் கஷ்டப்படுத்துற கற்றல் குறைபாடுன்னு நீங்களா முடிவு பண்ணிடக் கூடாது. தினம் 15 நிமிஷம், ஒரு சத்தம் ஒரு எழுத்துன்னு ரெண்டு மூணு மாசம் பொறுமையா சொல்லிக் கொடுத்துட்டு திரும்பவும் அதே மாதிரி பாருங்க. நகரவே இல்லைன்னா காத்திருக்காதீங்க. அரசுப் பள்ளின்னா 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சிருப்பாங்க, பிள்ளை ரொம்ப நாளா முதல் நிலையான அரும்புலயே இருந்தா டீச்சர்கிட்ட ஏன்னு கேட்டு, வட்டார வள மையத்துல இருக்குற சிறப்பாசிரியரைப் பாக்கணும்னு சொல்லுங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி பக்கம் டிஇஐசி (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்)ன்னு கேளுங்க, குழந்தைங்க வளர்ச்சியைப் பாக்குறதுக்குன்னே இருக்குற மையம் அது. சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ரொம்ப வருஷமா இந்த வேலையைப் பண்றாங்க.

கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே இருக்கு. ஆனா அதுக்கான சான்றிதழ் எட்டு வயசு ஆனப்புறம்தான். அதனால "எட்டு ஆகட்டும் வாங்க"ன்னு யாராவது சொன்னா அது சான்றிதழுக்கு மட்டும்தான், சொல்லிக் கொடுக்குறதுக்கு வயசு வரம்பே கிடையாது.

போறப்ப அந்த நோட்டையும், காது கண் ரிப்போர்ட்டையும், பழைய கிளாஸ் நோட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, பிள்ளை முன்னாடி "இவனுக்கு ஒண்ணும் வரலை"ன்னு ஆரம்பிக்காதீங்க. தப்பா எழுதினதைப் பத்துத் தடவை எழுதச் சொல்றதையும் இன்னையோட நிறுத்திடுங்க, பத்தாவது தடவையும் அதே தப்போடதான் எழுதிட்டு வரும், நான் பாத்திருக்கேன்.