சூடானால் கிளம்பாத கார்

முதல் முறையாகப் பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். காலையில் உடனே கிளம்பும். ஓட்டி நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும்தான். புது பேட்டரி போட்டேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சோதித்தேன், குறையே இல்லை. நான்கு நாள் வீண்.

அப்புறம், விழுந்த டார்ச்சை எடுக்கக் குனிந்தபோது ஆக்சிலரேட்டர் கேபிள் கையைச் சுட்டது. அதுவும் எஞ்சின் பக்கம் அல்ல, பெடல் பக்கம்! வெறுமனே இழுக்கிற கம்பிக்கு ஏன் சூடு? எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை கெட்டதால் ஸ்டார்ட்டரின் கரண்ட், இந்த ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியிருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன்: 2.3 வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது.

பட்டை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு. உலோகம் தெரியச் சுரண்டிப் புதுப் பட்டை மாட்டினேன். இப்போது 0.2. அப்பாடா, சூட்டிலும் கிளம்புகிறது.