கருத்தடை மாத்திரை விட்டுப்போச்சு, பீரியட்ஸும் தள்ளிப்போகுது: என்ன செய்யலாம்?

முதலில் பதறாதீங்க, அட்டையை எடுத்து எத்தனை விட்டிருக்குன்னு எண்ணுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் மாதிரி 28 மாத்திரை அட்டை என்றால், 21 ஹார்மோன் மாத்திரை, கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த 7-இல் விட்டது கணக்கே இல்லை.

ஹார்மோன் மாத்திரை ஒன்று மட்டும் விட்டிருந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்க, ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டிருந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டுத் தொடருங்க, அடுத்த 7 நாள் ஆணுறை கட்டாயம். மூன்றாவது வாரத்தில் இப்படி விட்டிருந்தால், ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும் இரும்பு மாத்திரைகளைத் தவிர்த்து நேராகப் புது அட்டை. முதல் வாரத்தில் விட்டு, கடந்த 5 நாளுக்குள் உறவும் இருந்ததா? அவசரக் கருத்தடை பற்றி டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்க.

பீரியட்ஸ் வரவில்லையா? மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கி, காலை முதல் சிறுநீரில் பாருங்க. உறவுக்கு 21 நாள் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம், அதற்கு முன் ஒரு கோடு (கர்ப்பம் இல்லை) வந்தால் மறுபடி பார்க்கணும். கர்ப்பம் எனத் தெரியாமல் போட்ட கருத்தடை மாத்திரை குழந்தையைப் பாதிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், ரத்தப்போக்கு என்றால் கிட்டுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.