பிடித்துக்கொண்ட பிவட் போல்ட்டைக் கழற்றிய விதம்

என் மலைச் சைக்கிளின் பின் சஸ்பென்ஷனில் ஒரு கிறீச் சத்தம். பேரிங் மாற்றலாம் என்று உட்கார்ந்தால், கீழ் பிவட் போல்ட் (சஸ்பென்ஷன் மூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்) அசையவே இல்லை. 5 மி.மீ. ஆலன் கீயைப் போட்டு அழுத்தியதில் போல்ட் தலையிலுள்ள அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கி, கீ வழுக்க ஆரம்பித்தது. வயிறு கலங்கிவிட்டது.

அங்கேயே நிறுத்தினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் காய்ந்த சேறு. கீ பாதி ஆழம்கூட இறங்கியிருக்கவில்லை! ஊசியால் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன்.

காலையில் நட்சத்திர முனை கொண்ட டி30 டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் தட்டி மழுங்கிய குழிக்குள் இறுக்கினேன். சூடான சால்டரிங் அயர்னைப் போல்ட் தலையில் சில நிமிடம் வைத்தேன். போல்ட் தானாகக் கழலாமல் இருக்க மரையில் பூசும் மரைப் பசை சூட்டில் இளகும். என்னுடையது அலுமினியச் சட்டம்; கார்பன் சட்டம் என்றால் சூடு வேண்டவே வேண்டாம். நீளக் கைப்பிடியில் நிதானமாகத் திருப்ப, 'டக்' என்று ஒரு சத்தம். கழன்றது!

மரை முழுக்க வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்த அடையாளம். பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, பேரிங்கையும் மாற்றிப் புதுப் போல்ட் போட்டேன். தண்டுப் பகுதிக்குக் கிரீஸ், மரைக்கு மட்டும் நீல மரைப் பசை. இரண்டும் கலந்தால் பசை பிடிக்காது. முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில், சட்டத்தில் அச்சிட்டிருந்த அளவுக்கே முறுக்கினேன். கிறீச் சத்தம் போயே போய்விட்டது.