பால் சேர்க்காத கிரீம் சூப்: எங்கே கெடுகிறது?

ஒரு கரண்டி சூப்பை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். நடுவில் விழுது மேடாக நின்று, ஓரத்தில் தண்ணீர் வளையம் கட்டிப் பிரிந்தால், நீரைப் பிடித்துவைக்க மாவுச்சத்து போதவில்லை. வளையம் இல்லை, ஆனால் நாக்கில் நறநறக்கிறது என்றால் அரைத்ததில் குறை. நைஸாக இருந்தும், விழுங்கியதும் வாயில் ஒன்றுமே மிஞ்சாமல் வெறுமையாக இருந்தால் கொழுப்பு போதாது.

பசும்பால் கிரீம் இந்த மூன்று குறையையும் ஒரே ஊற்றில் மூடி மறைத்துவிடும். அதை விலக்கினால் மூன்றையும் தனித்தனியே கவனித்தாக வேண்டும். பலரும் என்ன செய்கிறோம்? 200 மில்லி தேங்காய்ப்பால் பொட்டலம் ஒன்றை வெட்டி ஊற்றி, எல்லாக் குறையையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம். கிடைப்பது சூப் அல்ல, காரமில்லாத லெமாக், அதாவது மலாய்த் தேங்காய்ப்பால் குழம்பு.

முதலில் ஓர் அளவு. நான்கு பேருக்கு, தோலும் விதையும் நீக்கிய மஞ்சள் பூசணி 600 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று (150 கிராம்), பூண்டு 4 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, முந்திரி 50 கிராம், தண்ணீர் 500 முதல் 700 மில்லி. உப்பு 1 தேக்கரண்டியில் தொடங்கலாம். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான். பூசணிக்குப் பதில் கேரட், காலிஃபிளவர், சர்க்கரைவள்ளி எதுவானாலும் எடை அதேதான்.

தண்ணீரை முதலிலேயே கொட்டுவது

எல்லாப் பூசணியும் ஒன்றல்ல. ஈரச்சந்தையில் கீற்றாக வெட்டி நெகிழித்தாள் சுற்றி விற்கும் பெரிய பூசணியில் நீர் அதிகம். கரும்பச்சைத் தோலுள்ள ஜப்பானியப் பூசணியின் சதை வறண்டு மாவாக இருக்கும். முன்னதற்கு 500 மில்லியே போதும், பின்னது 700 கேட்கும். ஒரே குறிப்பை இரண்டுக்கும் பின்பற்றினால் ஒன்று ரசமாகும், மற்றது களியாகும். காய் முக்கால் பாகம் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி வேகவையுங்கள். மீதியை அரைத்தபின் பார்த்துச் சேர்க்கலாம். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க வழி கொதிக்கவைத்து வற்றவிடுவது ஒன்றுதான், அதற்குள் காயின் வாசம் அடங்கிவிடும்.

நீர்ப்பூசணிதான் கிடைத்தது என்றால் வேகவைக்காமல் வாட்டிவிடுங்கள். 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, ஓவனில் 200 டிகிரியில் 35 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் ஏர் ஃபிரையர் இருந்தால் 190 டிகிரியில் 20 நிமிடம், பாதியில் ஒரு குலுக்கல். நீர் வற்றும், ஓரம் சிவந்து இனிப்பு ஏறும்.

வெங்காயத்தை மட்டும் சிவக்க விடாதீர்கள். மிதமான தீயில், ஒரு சிட்டிகை உப்போடு, 8 முதல் 10 நிமிடம் வதக்கினால் கண்ணாடிபோல் ஆகும். அவசரத்தில் கருகிய பூண்டை அரைத்தபின் எந்தக் கொழுப்பாலும் மறைக்க முடியாது.

புளிப்பை முன்னால் சேர்ப்பது

புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்பது சாம்பார் வைக்கும் எல்லாருக்கும் தெரியும். சூப் என்றதும் ஏனோ அது மறந்துபோகிறது. தக்காளியோ எலுமிச்சையோ முதலில் சேர்ந்தால், காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. கேரட் அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் விறைப்பு நிற்கும், அந்த விறைப்புதான் அரைத்தபின் மணல் மணலாக வரும். கத்தி நுனி எதிர்ப்பே இல்லாமல் இறங்கும்வரை காய் வேகட்டும். சாப்பிட அது கொஞ்சம் குழைந்த பதம், சூப்புக்கு அதுவே சரியான பதம். புளிப்பு கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

முந்திரியை நீரில் மிதக்கவிட்டு அரைப்பது

பால் இல்லாத சூப்புக்கு முந்திரியைவிட நல்ல துணை கிடையாது என்பேன். பாதாமைவிட அதில் மாவுச்சத்து பல மடங்கு அதிகம், கொழுப்பும் தாராளம். அதனால் அரைத்த விழுது சூடேறும்போது தானாகக் கெட்டிப்படும். பாதாம் பாலை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அப்படி ஆகாது.

கெடுவது மிக்சியில்தான். ஊறிய 50 கிராம் முந்திரியைப் பெரிய ஜாரில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றினால், பருப்பு பிளேடுக்குச் சிக்காமல் நீரோடு சுழலும். மூன்று நிமிடம் ஓடினாலும் கீழே குருணை கிடக்கும். தேங்காய்ச் சட்னிக்கு என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள். சின்ன ஜார், 3 மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு நிமிட ஓட்டம். மூடியைத் திறந்து ஓரத்தை வழித்துவிட்டு இன்னொரு நிமிடம். இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். அதன் பிறகே 100 மில்லி தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள்.

ஊறவைக்கக் குளிர்ந்த நீர் என்றால் 3 மணி நேரம், கொதிநீர் என்றால் 30 நிமிடம். நம் சிங்கப்பூர் வெக்கையில் இரவு முழுக்க மேடையில் வைத்தால் புளித்த வாடை வரும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முழு முந்திரி வாங்க வேண்டியதில்லை. தேக்கா பக்கத்து மளிகைக் கடைகளில் விற்கும் உடைத்த முந்திரி விலை குறைவு, அரைபடுவதும் விரைவு.

விழுதைச் சேர்த்தபின் சிறு தீயில் 3, 4 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டுப் போனால் அடிபிடிக்கும், அந்த வாசம் ஒரு நொடியில் பானை முழுக்கப் பரவும்.

கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றுவது

இது சுவைக் கோளாறு அல்ல, கையைச் சுடும் கோளாறு. மூடிய ஜாரில் பிளேடு சுழன்றதும் சூடான சூப் உள்ளே இருக்கும் காற்றோடு கலக்கும், காற்றும் நீராவியும் ஒரே நேரத்தில் விரியும், மூடி எகிறும். 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியின் நடுவிலுள்ள சிறிய மூடியைக் கழற்றி, நான்காக மடித்த துணியால் அந்த ஓட்டையை மூடிப் பிடித்து, விட்டு விட்டு மூன்று முறை ஓட்டிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். காற்றுப்போக வழியே இல்லாத சட்னி ஜாரில் சூடான எதையும் அரைக்கக் கூடாது.

பானைக்குள் விட்டு அரைக்கும் கைபிளெண்டர் பாதுகாப்பானது, ஆனால் மிக்சி அளவுக்கு நைஸ் வராது. அதில் அரைத்தால் ரவை சலிக்கும் சல்லடையில் கரண்டியால் அழுத்தி ஒருமுறை வடித்துவிடுங்கள். மக்காச்சோள சூப் என்றால், எதில் அரைத்தாலும் இந்த வடிகட்டல் தப்பாது. சோளத்தின் தோல் அரைபடவே படாது.

தேங்காய்ப்பால் திரிவது

தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேராமல் காப்பது அதிலுள்ள புரதம். நீண்ட கொதியில் அந்தப் புரதம் உறைந்துவிடும், எண்ணெய் மேலே வந்துவிடும். ரெண்டாங் என்ற மலாய் இறைச்சிக் கறியில் அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள், சூப்பில் அது வேண்டாம். பொட்டலப் பாலில் நிலைப்படுத்திகள் இருப்பதால் ஓரளவு கொதி தாங்கும். ஈரச்சந்தையில் துருவி வாங்கி வந்து வீட்டில் பிழிந்த முதல் பாலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அணைப்பதற்கு 2 நிமிடம் முன்பு சேர்த்து, ஓரத்தில் குமிழி தொடங்கியதும் இறக்குங்கள்.

அளவு லிட்டருக்கு 100 மில்லி. அதற்கு மேல் போனால் காயின் ருசி பின்னுக்குப் போய்விடும். பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக்கு அது பொருந்தும். காளான் சூப்பில் தேங்காய் வாசம் ஒட்டவே ஒட்டாது, அங்கே முந்திரியோ ஓட்ஸோதான்.

எண்ணெய் மட்டும் பிரிந்திருந்தால் மிக்சியில் ஒரு சுற்று விட்டால் பெரும்பாலும் கூடிவிடும். வெள்ளைத் துகள்களாகத் திரிந்திருந்தால் அரைக்க அரைக்கத் துகள் சிறிதாகும், மறையாது.

சோயா பாலும் ஓட்ஸ் பாலும்

சோயா பாலில் புளிப்பும் சூடும் சேர்ந்து பட்டால் டோஃபு ஆகத் தொடங்கிவிடும், டோஃபு செய்யும் முறைகளில் அதுவும் ஒன்றுதானே. தக்காளி சூப்பில் சோயா பால் ஊற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. அங்கே சாஃப்ட் டோஃபு 150 கிராமைக் காயோடு சேர்த்தே அரைத்துவிடுங்கள். ஏற்கெனவே உறைந்த புரதம் மறுபடி திரியாது.

இன்னொரு சிக்கல் இனிப்பு. காப்பிக்கடையில் வாங்கும் சோயா பாலில் சீனிப்பாகு இருக்கும், சில இடங்களில் பாண்டான் இலை வாசமும் இருக்கும். பேரங்காடியில் வாங்கினால், பானங்களைச் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரையைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 முதல் சி, டி தரப் பானங்களுக்கு அது கட்டாயம், சர்க்கரை விழுக்காடும் அதிலேயே அச்சாகியிருக்கும். சி என்றால் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாம். காப்பிக்கு ஆகும், சூப்புக்கு ஆகாது. ஓட்ஸ் பாலில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் இனிப்பு இருக்கும், தயாரிக்கும்போது நொதிகள் மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்கிவிடுகின்றன. பாலுக்குப் பதில் ஓட்ஸையே போடுவது மலிவு. லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி, காயோடு வெந்து அரைபடட்டும். 4 போட்டால் கொழகொழக்கும்.

உருளைக்கிழங்கை மிக்சியில் விடுவது

கெட்டிக்காகக் கிழங்கைச் சேர்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் வெந்த கிழங்கில் மாவுச்சத்து மணிகள் நீர் குடித்து உப்பிக் கிடக்கும். பிளேடு அவற்றைக் கிழித்ததும் உள்ளிருக்கும் பசை வெளியே வரும். கரண்டியைத் தூக்கினால் சூப் நூல்போல் இழுபடும், சுவரொட்டி ஒட்டலாம். லிட்டருக்கு 120 கிராமோடு நிறுத்துங்கள். கிழங்குத் துண்டுகளைக் கரண்டியால் தனியே எடுத்து வைத்து, மற்றக் காயை அரைத்தபின், மசித்துச் சல்லடையில் தேய்த்துச் சேருங்கள். இழுபடத் தொடங்கிய பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

கிழங்கைவிட நம் சமையலறையிலேயே கைவாகான இரண்டு உண்டு. மிச்சமான சோறு 3 மேசைக்கரண்டி, காயோடு சேர்த்துக் கஞ்சிப் பதத்துக்குக் கொதிக்கவிட்டு அரைப்பது ஒன்று. மைசூர் பருப்பு 3 மேசைக்கரண்டி, தொடக்கத்திலேயே காயோடு வேகவைப்பது மற்றொன்று. இரண்டும் தட்டோர நீர் வளையத்தை நிறுத்திவிடும். கொழுப்பு மட்டும் இவற்றில் இல்லை, எனவே அரைக்கும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை மெல்லிய தாரையாக விடுங்கள், சூப் வெளிறிப் பளபளக்கும். அதற்கு எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் வேண்டாம், வேக அரைப்பில் அது கசக்கக்கூடும். மேலே சொட்டுவிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பால் ஒளிந்திருக்கும் இடங்கள்

‘நான்-டெய்ரி’ என்று போட்டிருக்கும் காப்பி கிரீமர் தூளின் பொருள் பட்டியலில் சோடியம் கேசினேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது பால் புரதம். சில மார்ஜரின்களிலும் சூப் கட்டிகளிலும் பால் பவுடரோ, பால் சர்க்கரையான லாக்டோஸோ உண்டு. சிங்கப்பூர் விதிகளின்படி பொட்டல உணவில் பால் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், எனவே படித்தால் தெரிந்துவிடும். உணவங்காடியில் வெள்ளையாக வரும் மீன் பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) சூப்பில் பெரும்பாலும் இனிப்பில்லாத டின்பால் ஊற்றுவார்கள். அதை முன்மாதிரியாக வைத்து வீட்டில் செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம். நெய்யும் பால்பொருள்தான். ‘கடைசியில் ஒரு சொட்டு’ என்று தாளிப்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். லாக்டோஸ் ஒவ்வாதவருக்கு அந்தச் சொட்டு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பால் புரதம் ஒவ்வாதவருக்கு அதுவே ஆபத்தாகலாம். அதேபோல் முந்திரி ஒவ்வாதவர் மேசையில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே ஊறப்போடுங்கள்.

உப்பைக் கெட்டிப்பட்ட பிறகே முடிவு செய்யுங்கள். கெட்டியான சூப்பில் உப்பு மந்தமாகத் தெரியும், ஒரு தேக்கரண்டியில் தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றரையில் நிற்கும். அப்போதும் ஏதோ குறைகிறது என்றால் அது உப்பல்ல, புளிப்பு. பானைக்கு ஒரு கலமன்சி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள்.

மிச்சத்தைப் பானையோடு இரவு முழுக்க அடுப்பிலேயே வைக்கக் கூடாது. அகலமான இரண்டு டப்பாக்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் அது களிபோல் இறுகியிருக்கும், கெட்டுப்போகவில்லை. 50 முதல் 100 மில்லி வெந்நீர் விட்டுச் சிறு தீயில் கிளறினால் இளகிவிடும். தேங்காய்ப்பால் சேர்த்ததை உறையவைத்தால் உருகும்போது பிரிந்துபோகும், எனவே பால் சேர்க்கும் முன்பே டப்பாவில் எடுத்து உறையவைத்து, சூடாக்கும் நாளில் சேருங்கள்.