வீட்டில் பாட்டு பதிகிறவர்களுக்கு: எந்த ஹார்டு டிஸ்க் வாங்குவது, வாங்கியதும் என்ன செய்வது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மத்தியானம், காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வளவில் அப்பத்தாவை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த தாலாட்டுகளை எல்லாம் பதிந்துகொண்டிருந்தேன். லேப்டாப்பில் இடம் இல்லை என்று நேராக எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கிலேயே பதிவு ஓடியது. டிஸ்க் பெஞ்சு ஓரத்தில். அக்கா மகன் ஓடி வந்ததில் கேபிள் காலில் சிக்கி, சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க் ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து, டக் டக் என்று நாலு தடவை சத்தம் போட்டு நின்றுவிட்டது. முந்தின வாரம் பதிந்த பிள்ளையார் நோன்புப் பாட்டும் அதில்தான் இருந்தது, வேறெங்கும் பிரதி இல்லை. அப்பத்தா மறுபடி பாடித் தந்தார். ஆனால் மாமன் சீரை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகும் நடுப்பகுதி அன்றைக்கு வந்த மாதிரி அவருக்குத் திரும்ப வரவே இல்லை.

அதற்குப் பிறகு நான் டிஸ்க் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதை அப்படியே சொல்கிறேன்.

1. முதலில் கணக்கு

கடைக்குப் போகுமுன் ஒரு பேப்பரில் இதைப் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதுவது) ஒரு மைக் பதிந்தால் நொடிக்கு 1,44,000 பைட், அதாவது நிமிஷத்துக்கு 8.6 எம்பி, மணிக்கு 520 எம்பி சுமார். இரண்டு மைக் என்றால் மணிக்கு ஒரு ஜிபி. தைப்பூசத்துக்குப் பழனி நடை கிளம்புமுன் காவடிப் பாட்டு பாடும் ஒரு கூட்டத்தையே எட்டு மைக் வைத்துப் பதிந்தாலும் மணிக்கு 4 ஜிபியை ஒட்டித்தான் வரும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் எல்லாம் இரண்டு மடங்காகும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது தேவையில்லை என்பது என் எண்ணம், 48 போதும்.

இப்படிப் பார்த்தால் ஒரு டிபியில் இரண்டு மைக் பதிவு 960 மணி நேரம் கொள்ளும். (ஒரு டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதால் அப்படி, யாரும் ஏமாற்றவில்லை.) ஆகவே 4 டிபி, 5 டிபி என்று பெரிதாக ஒன்று வாங்க ஆசைப்படாதீர்கள். அந்தக் காசில் சின்னதாக இரண்டு வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2. ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டியா (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்)

எட்டு மைக் பதிவுக்கு நொடிக்கு 1.2 எம்பி எழுதினால் போதும். சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். எனவே 'நொடிக்கு 1000 எம்பி' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நிறைய டிராக்குகளை ஒரே நேரத்தில் ஓட்டி மிக்ஸ் செய்தாலோ, பெரிய சாம்பிள் தொகுப்புகளை (முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலிகள்) டிஸ்க்கிலிருந்தே வாசிக்க வைத்தாலோ அந்த வேகம் கைகொடுக்கும்.

எஸ்.எஸ்.டியை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. அதில் சுற்றுகிற பாகமே கிடையாது. விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம், அப்புறம் சத்தமே இல்லை. இந்தச் சத்தம் முக்கியம். நம்மூர் வீடுகளில் மத்தியான நேரம் அமைதி அப்படி இருக்கும்; கண்டென்சர் மைக் வைத்தால் டிஸ்க் சுற்றும் மெல்லிய ர்ர்ர் கூடப் பதிவில் விழும், மர மேஜையில் வைத்தால் அதிர்வும் மைக் ஸ்டாண்டு வழியே ஏறும். ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் மைக்கிலிருந்து தள்ளி, நாலாய் மடித்த துண்டின் மேல் வையுங்கள். துண்டால் மூடிவிடாதீர்கள், சூடு வெளியேற வேண்டும். பதிவுக்காக ஃபேனை நிறுத்திவிடுவோம் அல்லவா, சித்திரை வைகாசியில் அறையே கொதிக்கும். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கு வேலை செய்யும் வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் விவரத்தாளில் இருக்கும்.

சரி, எதை வாங்குவது? பதிவதற்கு 500 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்று, சேர்த்து வைக்க ஒரு டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. இவ்வளவு முடியாது என்றால் எஸ்.எஸ்.டியை விட்டுவிட்டு லேப்டாப்பிலேயே பதிந்து, அன்றைக்கு ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றுங்கள். அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிகிறவர்களுக்கு எப்படியும் இதுதான் நல்லது. 3.0 பதிப்பிலிருந்து அது மொத்த வேலையையும் ஒரே ஃபைலாக வைத்து அதில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், நடுவில் கேபிள் கழன்றால் பிரச்சினை. எஸ்.எஸ்.டியை மட்டும் நம்பி, செருகாமலே வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல அழியக்கூடும்.

3. கடையில் பார்க்க வேண்டியவை

உள்ளங்கை அளவு இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்கைக் கேளுங்கள். அதற்கு லேப்டாப் கொடுக்கும் மின்சாரமே போதும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், கரண்ட் போனால் பதிவின் நடுவிலேயே நின்றுவிடும்.

அடுத்தது கேபிள். பழைய வகை போர்ட்டபிள் டிஸ்க்கில் வாய் அகலமாக, தட்டையாக இருக்கும். லேசாக இழுத்தாலே ஆடும். டைப் சி வாய் உள்ளது இறுக்கமாகப் பிடிக்கிறது. ஆனால் டைப் சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான், வேகம் என்ன என்று பெட்டியில் தனியாகப் பாருங்கள், யூ.எஸ்.பி 3.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி.

கம்பெனி பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். இன்றைக்கு உலகத்தில் ஹார்டு டிஸ்க் தயாரிப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூன்றுதான். பெயரே கேள்விப்படாத ஒன்று ஆன்லைனில் 16 டிபி எஸ்.எஸ்.டி என்று அடிமாட்டு விலைக்கு வந்தால் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரியது என்று பொய்யாகக் காட்டும் சரக்கு அது.

4. வாங்கிய அன்றே சோதனை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஒரு விண்டோஸ் மென்பொருள் உண்டு, இலவசம். அதைத் திறந்து, டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு ஒரு முறை புதுசு என்று விற்ற டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் இருந்தது, மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ராத்திரி படுக்கப் போகும்போது ஓட விடுங்கள் (மேக்கில் எஃப்3). டிஸ்க் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நொடிக்கு 100 எம்பி கணக்கில் ஒரு டிபிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். காலையில் பிழை இல்லை என்று வந்தால் சோதனை ஃபைல்களை அழித்துவிட்டு நம் ஃபைல்களை ஏற்றலாம்.

5. ஃபார்மேட்

டிஸ்க்கில் ஃபைல்களை எந்த முறையில் அடுக்குவது என்பதுதான் ஃபார்மேட். விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் அது திடீரென்று பிடுங்கினால் தாங்காது, பாதுகாப்பாக வெளியேற்றும் பட்டனை அழுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை வைக்க முடியாது. சாதாரண வேவ் ஃபைலுக்கும் அதே 4 ஜிபி எல்லைதான், ஸ்டீரியோவில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கல்யாணத்தில் நாதஸ்வரக் கச்சேரியைக் காலையிலிருந்து ஒரே ஓட்டமாகப் பதிய நினைப்பவர்கள் நடுவில் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

6. பதியும்போது

டிஸ்க்கையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒரே ஹப்பில் செருகாமல் லேப்டாப்பின் தனித்தனி வாயில் செருகுங்கள். டிஸ்க் தரையில் இருக்கட்டும். ஆமாம், தரையில்தான், சுவர் ஓரமாக, கேபிளை டேப் போட்டு ஒட்டி. தரையில் இருப்பதற்கு விழ இடமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் காலர் மைக் வைத்திருந்தால் அதன் ரிசீவரை டிஸ்க்குக்கு அருகில் வைக்காதீர்கள். யூ.எஸ்.பி 3.0 கிளப்பும் இரைச்சல் சரியாக அந்த அலைவரிசையில் வந்து விழுவதால் குரல் வெட்டி வெட்டி வரும்.

7. இரண்டாவது டிஸ்க்

இதற்காகத்தான் சின்னதாக இரண்டு வாங்கச் சொன்னேன். பதிவு முடிந்த அன்றே இரண்டிலும் ஏற்றுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறு ஊருக்குப் போகட்டும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது சிரமமே இல்லை; பாதி வீட்டில் ஆட்கள் சென்னையில்தானே இருக்கிறார்கள். அண்ணன் பல்லவன் ரயிலில் வந்து போகும்போது ஒரு டிஸ்க் அவரோடு போகும், போன தடவை கொண்டுபோனது திரும்பி வரும். ஃபைல் பெயரில் தேதி, பாடியவர், என்ன பாட்டு என்று மூன்றும் இருக்கட்டும். 'புது ரெக்கார்டிங் 7' என்று விட்டால் அண்ணன் மகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

நாங்கள் வருஷா வருஷம் போகிக்கு வீடு கழுவிவிட்டதும் இரண்டு டிஸ்க்கையும் செருகி, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டைக் கடைசி வரை ஓட விட்டுக் கேட்கிறோம். போன முறை அப்பத்தாவும் கூட இருந்தார். தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மாமன் சீர் வரிசையில் விட்டுப்போன இரண்டு வரியைத் தானாகச் சொன்னார். உடனே மைக்கை எடுத்து அதையும் பதிந்துகொண்டோம்.