பதினைந்து அங்குலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

திருமங்கலத்தில் ஒரு டயர் கடையில் காற்றுப் பிடிக்க நின்றிருந்தேன். தம்பி ஒருவர் கடைக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்: "14 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 15 போட்டால் வேக மீட்டர் தப்பாகக் காட்டும் அண்ணே." பயம் நியாயமானதுதான், கணக்குதான் பிசகு.

மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே தெரியும். ஆகவே பார்க்க வேண்டியது ரிம்மை அல்ல, டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தை. டயரின் பக்கவாட்டுத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் 165/80 ஆர்14 என்று தெரியும். அகலம் 165 மி.மீ.; அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 14 அங்குல ரிம்: ஏறக்குறைய 620 மி.மீ. 185/65 ஆர்15-க்கும் இப்படியே கூட்டினால் 621.5. ரிம் பெருத்தது, சுவர் இளைத்தது, அவ்வளவுதான்.

வம்பு வருவது, 'பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும்' என்று 205/65 ஆர்15 மாட்டும்போது. விட்டம் 647.5, நாலரை சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 76-ல் போன வண்டி, இப்போது 79-ஐத் தாண்டும். ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறதே என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.நா.வின் 39-ஆம் விதிமுறைப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதற்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் டயர் தின்றிருக்கிறது. இன்னும் பெரிதாக மாட்டினால் மீட்டர் குறைத்தே காட்டும். வேகக் கேமராவிடம் அந்தச் சாக்கு எடுபடாது.

கிலோமீட்டர் கணக்கும் கெடும். 700 ஓடியிருந்தால் 670 என்றே பதிவாகும். 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

அழகர்கோவில் மலைப்பாதையில் போன் ஜிபிஎஸ்ஸை வைத்து மீட்டரைச் சோதிப்பதும் வீண். வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது ஜிபிஎஸ் சற்றுப் பிந்தியே காட்டும். திருமங்கலம் தாண்டி விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் சீராக 60-ல் போங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். தேய்ந்த டயரில் பார்த்ததைப் புது டயரோடு ஒப்பிடவும் வேண்டாம்: சாலையைத் தொடும் டயர் பட்டன் 8 மி.மீ. உயரத்திலிருந்து 1.6-க்குத் தேய்ந்தால் விட்டத்தில் 13 மி.மீ. போய்விடும்.

தம்பி கடைசியில் 185/65 வாங்கினார். "ஸ்டெப்னி 14-லேயே இருக்கிறதே?" என்றார். பஞ்சர் கடை வரை போவதற்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் ஒன்றும் செய்யாது.