தைலத்தை ‘நனோ’ ஆக்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் யூக்கலிப்டஸ் தைலம், மாத்தளைப் பக்கம் கராம்பும் கறுவாவும். இவற்றை நனோ ஸ்ப்ரே ஆக்கி விற்கும் ஆசை இப்போது பலருக்கு. ஆசையில் பிழையில்லை. தைலம் தண்ணீரில் கலக்காது, சீக்கிரம் ஆவியாகிவிடும். துளிகளை 200 நனோமீற்றருக்குக் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) கீழே கொண்டுவந்தால் தண்ணீரில் சீராகப் பரவி நிற்கும், இலையிலும் தோலிலும் நன்றாகப் படியும்.

ஆனால் பிளெண்டரில் அடித்து, பால் மாதிரி வந்ததும் ‘நனோ’ என்று லேபல் ஒட்டிவிடுகிறார்கள். கெட்டியான பால் வெள்ளை என்றால் துளி இன்னும் பெரிது என்றே சந்தேகப்படுங்கள். சிறுக்கச் சிறுக்க அது லேசாக நீலம் தட்டும், அப்புறம் தெளியும். இதற்கு அதிர்வொலிக் கருவியோ உயர் அழுத்தக் கருவியோ வேண்டும். இல்லையென்றால் தைலத்தையும், அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடிக்கும் ட்வீன் 80 என்ற பொருளையும் முதலில் கலந்து, கலக்கிக்கொண்டே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எப்படிச் செய்தாலும் துளியின் அளவை ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, பலரும் கவனிக்காதது: இன்று நனோவாக இருப்பது அடுத்த மாதம் நனோவாக இருக்க வேண்டியதில்லை. தைலம் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் கரையும். சிறுதுளிகள் அப்படிக் கரைந்து போய்ப் பெருந்துளிகளோடு சேர்ந்துகொள்ளும். சின்னது தேயும், பெரியது கொழுக்கும். ஒஸ்வால்ட் முதிர்வு என்பது இதுதான். தண்ணீரில் சற்றும் கரையாத சமையல் எண்ணெய் ஒன்றைத் தைலத்தோடு கொஞ்சம் சேர்த்தால் இது மட்டுப்படும். நுவரெலியாக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், ஆகவே நல்லெண்ணெயோ சோள எண்ணெயோ நல்லது. அதற்காக அள்ளி ஊற்றக் கூடாது. கிருமியைக் கொல்லும் சத்து அந்த எண்ணெய்க்குள்ளேயே தங்கி, வேலை செய்யாமல் போகும்.

போத்தலின் மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. யூக்கலிப்டஸ் மிதக்கும், சரி. கராம்புத் தைலமும் கறுவா இலைத் தைலமும் தண்ணீரை விடக் கனம். பிரிந்தால் அடியில்தான் கிடக்கும், தூக்கிப் பாருங்கள். மலைக் குளிரில் மாதக்கணக்கில் நின்ற சரக்கு கொழும்பு வெயிலில் பிரியவும் கூடும். சில போத்தல்களைச் சூட்டில் வைத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

தெளிவாக வரட்டும் என்று ட்வீனைக் கூட்டினால் இலையின் மெழுகுப் படலம் கெட்டுக் கருகும். தோலும் எரியும்.

பாவிக்கும் அளவு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். துளி சிறுத்தால் உடம்புக்குள் கூடுதலாகவும் வேகமாகவும் போகலாம். வெறும் தைலத்துக்குரிய அளவையே நனோவுக்கும் எழுதாதீர்கள். யூக்கலிப்டஸ் தைலத்தைக் கொஞ்சம் விழுங்கினாலே சிறுபிள்ளைக்கு வலிப்பு வரலாம். தண்ணீரோடு கலந்து நிற்பதைப் பிள்ளை இலகுவாகக் குடித்துவிடும். கைக்கெட்டாத இடத்தில் வைக்கும்படி லேபலில் பெரிதாகப் போடுங்கள்.

தேயிலைக்குத் தெளிப்பவர்களுக்கும் ஒன்று: தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நாளைக்குக் கொழுந்து எடுக்கப்போகிற மலையில் இன்றைக்குக் கராம்பு நனோ அடித்தால், தூளில் கராம்பு மணக்கும். ருசி பார்ப்பவர் அதை ஒதுக்கிவிடுவார்.